அணுக்கரு இணைவு: தனியார் பணம் இருக்கும்போது அரசு எதற்கு?

கேள்வி இதுதான்: அணுக்கரு இணைவிலிருந்து மின்சாரம் எடுக்கப்போகிறோம் என்று கிளம்பிய தனியார் நிறுவனங்களிடம் கோடி கோடியாக முதலீடு குவிகிறது. அப்புறமும் அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி எல்லாம் "அரசு–தனியார் கூட்டு" என்று சொல்லி வரிப்பணத்தைக் கொடுக்கின்றன. லாபம் வந்தால் கம்பெனிக்கு, நஷ்டம் வந்தால் மக்களுக்கு என்கிற பழைய கதைதானே இது?

பாதி சரி. ஆனால் உங்கள் சந்தேகம் விழவேண்டிய இடம் வேறு.

முதலில் தொகையைப் பார்த்துவிடுவோம். இணைவுத் தொழில் நிறுவனங்களின் சங்கம் 2025-ல் எடுத்த கணக்கில் உலகம் முழுக்க 53 நிறுவனங்கள். அதுவரை அவை திரட்டியது சுமார் 977 கோடி டாலர். அதில் அரசுகள் நேரடியாகக் கொடுத்தது பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அமெரிக்க எரிசக்தித் துறை 2023 மே மாதம் தடபுடலாக அறிவித்த திட்டத்தின் தொகை, எட்டு நிறுவனங்களுக்கும் சேர்த்தே 4.6 கோடி டாலர்தான். அந்த எட்டில் ஒன்றான காமன்வெல்த் ஃப்யூஷன் சிஸ்டம்ஸ் 2021 டிசம்பரில் ஒரே சுற்றில் முதலீட்டாளர்களிடம் வாங்கியது 180 கோடி டாலர். யானைப் பசிக்குச் சோளப்பொரி. காசு மட்டும்தான் காரணம் என்றால் இந்த நிறுவனங்கள் அரசாங்கப் படிவங்களை நிரப்ப இவ்வளவு மெனக்கெட்டிருக்காது.

எந்தக் கூட்டையும் எடைபோட எனக்கு இரண்டு கேள்வி போதும். பணம் எந்தக் கட்டத்தில் கைமாறுகிறது? வேலை கெட்டுப்போனால் செலவு யார் தலையில் விழுகிறது?

துறைக்குப் புதியவர்களுக்கு இரண்டு வரி. டியூட்டீரியம், ட்ரிட்டியம் என்ற ஹைட்ரஜனின் இரண்டு கனத்த வடிவங்களைப் பத்து கோடி டிகிரிக்கு மேல் சூடேற்றினால் கருக்கள் ஒன்றாகி ஹீலியம் பிறக்கும்; கூடவே வேகமான நியூட்ரான் ஒன்று பாய்ந்து வெளியேறும். அந்த நியூட்ரானைத் தடுத்து நிறுத்தினால் வெப்பம், வெப்பத்தில் நீராவி, நீராவியில் மின்சாரம். அவ்வளவு சூட்டில் எரிபொருள் பிளாஸ்மாவாக, அதாவது மின்னேறிய வாயுவாக, ஆகிவிடும்; அதை எந்தப் பாத்திரத்திலும் பிடித்துவைக்க முடியாது. அதனால் காந்தப்புலத்தில் கட்டிவைப்பார்கள், இல்லையென்றால் லேசரால் கண்சிமிட்டும் நேரத்தைவிடக் கோடிக்கணக்கில் சிறிய நேரத்துக்குள் நசுக்குவார்கள்.

அரை நூற்றாண்டுக்கு மேல் இது முழுக்க முழுக்க அரசாங்க வேலையாகத்தான் இருந்தது. அதன் உச்சம், பிரான்சின் தெற்கே கடராஷில் எழும்பிக்கொண்டிருக்கும் ஈட்டர் உலை. ஐரோப்பிய ஒன்றியம், அமெரிக்கா, ரஷ்யா, சீனா, ஜப்பான், தென்கொரியா, இந்தியா என்று ஏழு பங்காளிகள். 2006-ல் ஒப்பந்தம் கையெழுத்தானபோது முதல் பிளாஸ்மா 2016-ல் என்று பேச்சு. பிறகு 2025 என்றார்கள். 2024-ல் வந்த புது அட்டவணையில் ஆராய்ச்சி ஓட்டம் தொடங்குவதே 2034. டியூட்டீரியமும் ட்ரிட்டியமும் சேர்ந்து எரிவது 2039. ஏழு பங்காளிகள் சேர்ந்து கட்டும் வீடு இப்படித்தான் போகும் என்று கேலி பேசுவது சுலபம். ஆனால் இன்று சின்ன நிறுவனங்கள் கடையில் வாங்குவதுபோல வாங்கிக்கொள்ளும் பல உதிரிபாகங்களுக்கு முதல் ஆர்டர் கொடுத்துத் தொழிற்சாலைகளைப் பழக்கியதே ஈட்டர்தான்.

ஈட்டரிலும் தனியார் உண்டு. உலையை வெளியே சுற்றி மூடும் பிரம்மாண்டமான வெற்றிடக் கலனான கிரயோஸ்டாட் இந்தியாவின் பங்கு. 3,850 டன் எடை, சுமார் முப்பது மீட்டர் உயரம். குஜராத்தில் ஹசீராவில் லார்சன் அண்ட் டூப்ரோ அதைத் துண்டுதுண்டாகச் செய்து கப்பலில் அனுப்பியது. அங்கே வைத்து வெல்டிங் செய்து சேர்த்தார்கள். நல்ல வேலை, நாம் பெருமைப்படலாம். ஆனால் அங்கே எல் அண்ட் டி ஒப்பந்தக்காரர். கொடுத்த வரைபடத்தை மில்லிமீட்டர் பிசகாமல் செய்து தருவது அவர்கள் பொறுப்பு. உலை கடைசியில் எரியுமா எரியாதா என்பது அவர்கள் கவலை இல்லை. அந்தக் கவலை முழுக்க ஏழு அரசாங்கங்களுடையது.

இப்போது "கூட்டு" என்று பேசப்படுவது இதைத் தலைகீழாகத் திருப்பிய ஏற்பாடு. வரைபடமும் உலையும் நிறுவனத்துடையவை, தோல்வியும் அவர்களுடையதுதான். அரசு பக்கத்தில் நின்று சிலவற்றைத் தருகிறது. இந்த யோசனை அணு உலைக்காரர்களுக்குத் தோன்றியதில்லை, ராக்கெட்காரர்களிடமிருந்து வந்தது.

2006-ல் நாசாவுக்கு ஒரு நெருக்கடி. விண்வெளி ஓடங்கள் ஓய்வுபெறப் போகின்றன. சர்வதேச விண்வெளி நிலையத்துக்குச் சாமான் கொண்டுபோக வண்டி வேண்டும். வழக்கமான முறையில் செலவு எவ்வளவு ஆனாலும் அதைக் கொடுத்து மேலே லாபமும் கொடுப்பார்கள். இந்த முறை அதை விட்டுவிட்டு, கட்டம் கட்டமாக, ஒவ்வொரு கட்டத்துக்கும் இவ்வளவு என்று முன்கூட்டியே எழுதிவைத்த தொகை மட்டும் என்று ஒரு திட்டம் போட்டார்கள். இரண்டு நிறுவனங்கள் தேர்வாயின. ஒன்று ஸ்பேஸ்எக்ஸ். இன்னொன்றின் பெயர் இன்று யாருக்கும் நினைவில்லை: ராக்கெட்பிளேன் கிஸ்லர்.

எனக்கு இந்த இரண்டாவது கம்பெனியின் கதைதான் முக்கியம். அவர்களுக்கு ஒதுக்கிய தொகை சுமார் 20.7 கோடி டாலர். தங்கள் பங்குக்குத் தனியாரிடம் திரட்டுகிறோம் என்று சொன்ன பணத்தை அவர்களால் திரட்ட முடியவில்லை. 2007 அக்டோபரில் நாசா ஒப்பந்தத்தை முறித்தது. அதுவரை அரசாங்கக் கையிலிருந்து போனது சுமார் 3.2 கோடி. மிச்சத்தை எடுத்து மறுபடி போட்டி வைத்து ஆர்பிட்டல் சயின்சஸ் என்ற நிறுவனத்துக்கு 17 கோடி ஒதுக்கினார்கள். 2012 மே மாதம் ஸ்பேஸ்எக்ஸின் டிராகன் கலம் நிலையத்தில் போய் இணைந்தது. 2013-ல் ஆர்பிட்டலின் கலமும் போனது. இரண்டு வண்டிக்கும் சேர்த்து நாசாவின் செலவு 80 கோடி டாலரை ஒட்டி. ஒரு நிறுவனம் தோற்றும் திட்டம் தோற்கவில்லை. தோற்பவரைச் சீக்கிரம், சல்லிசாக வெளியே அனுப்புவதற்கு ஒரு கதவு இருந்தது, அவ்வளவுதான்.

அமெரிக்க எரிசக்தித் துறையின் "மைல்கல் அடிப்படையிலான" இணைவுத் திட்டம் இந்த முறையைப் பார்த்துச் செய்ததுதான். 2020-ன் எரிசக்திச் சட்டம் வழிவிட்டது. 2022 செப்டம்பரில் விண்ணப்பம் கேட்டார்கள். 2023 மே மாதம் எட்டுப் பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். காமன்வெல்த் தவிர ஃபோகஸ்டு எனர்ஜி, தியா எனர்ஜி (அப்போது பிரின்ஸ்டன் ஸ்டெல்லரேட்டர்ஸ்), ரியால்டா ஃப்யூஷன், டோக்கமாக் எனர்ஜி, டைப் ஒன் எனர்ஜி, எக்ஸைமர், ஜாப் எனர்ஜி. டோனட் வடிவ டோக்கமாக், முறுக்கிய டோனட்டான ஸ்டெல்லரேட்டர், காந்தக் கண்ணாடி (இரு முனையையும் காந்தப்புலத்தால் அடைத்த குழாய்), லேசர் என்று வெவ்வேறு வழிக்காரர்கள். ஒரே குதிரையில் பணம் கட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

வீட்டுக்கடன் வாங்கிக் கட்டியவர்களுக்கு இந்த ஏற்பாடு புரிந்துவிடும். அஸ்திவாரம் முடிந்தால் ஒரு தவணை, லிண்டல் மட்டம் வந்தால் ஒரு தவணை, ரூஃப் கான்கிரீட் போட்டால் அடுத்தது. வங்கி அனுப்பும் பொறியாளர் வந்து பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் பணம் இறங்கும். அதுவரை மேஸ்திரிக்குச் சனிக்கிழமைக் கூலி நம் கையிலிருந்துதான். இங்கேயும் அப்படித்தான். நிறுவனம் முதலில் சொந்தப் பணத்தில் செய்து காட்டவேண்டும். துறையின் நிபுணர்கள் பார்த்துச் சரி என்றால் ஒப்புக்கொண்ட தொகை வரும். முதல் ஒன்றரை வருடத்துக்கு வைத்த இலக்குகள்கூட அடக்கமானவைதான்: மாதிரி மின்நிலையத்துக்கு ஓர் ஆரம்பகட்ட வடிவமைப்பு, இன்னும் தீராத தொழில்நுட்பச் சிக்கல்கள் என்னென்ன, எந்த வரிசையில் தீர்க்கப்போகிறீர்கள் என்று ஒரு திட்ட வரைவு.

வங்கி கடன் கொடுத்தது என்று தெரிந்தால் மாமனாரும் கொஞ்சம் கொடுப்பார் இல்லையா, அதேபோல ஒரு விளைவும் உண்டு. இயற்பியல் தெரிந்த, விற்பனைப் பேச்சில் மயங்காத ஒருவர் உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார் என்பது முதலீட்டாளருக்குப் பெரிய விஷயம். பிளாஸ்மா இயற்பியலில் பொய் சொன்னால் கண்டுபிடிக்கக்கூடியவர்கள் உலகத்தில் சில ஆயிரம் பேர். அவர்களில் பலருக்குச் சம்பளம் கொடுப்பது அரசு ஆய்வகங்கள். தேர்வான எட்டு நிறுவனங்களும் அடுத்த ஒரு வருடத்தில் புதிதாக 35 கோடி டாலருக்கு மேல் தனியாரிடம் திரட்டியதாகத் துறை 2024 ஜூனில் சொன்னது. 4.6 கோடிக்கு இது. எல்லாம் அந்த முத்திரையால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன்; காமன்வெல்த் போன்றவர்களுக்கு முத்திரை இல்லாமலே கிடைத்திருக்கும். சின்ன நிறுவனங்களுக்கு அது உதவியிருக்கும்.

குறைகளும் இருக்கின்றன. தேர்வு அறிவித்த பிறகு ஒப்பந்தத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு முடிக்கவே ஒரு வருடம் ஆனது. வேகம்தான் இந்த முறையின் லட்சணம் என்று சொல்லிவிட்டு ஒரு வருடம்! அதைவிடப் பெரிய குறை: நாசா வாடிக்கையாளராகவும் இருந்தது. வண்டி ஓடினால் ஏற்ற அவர்களிடம் சாமான் இருந்தது, கூலி கொடுக்கப் பணமும் இருந்தது. எரிசக்தித் துறை யாரிடமும் மின்சாரம் வாங்கப் போவதில்லை. ராக்கெட் மேலே போகும் என்பது 1950-களிலேயே தெரிந்த சமாச்சாரம். மலிவாகப் போகுமா என்பதுதான் அப்போதைய கேள்வி. இணைவில் முதல் கேள்விக்கே முழு விடை இன்னும் வரவில்லை. ஆகவே "ஸ்பேஸ்எக்ஸ் மாதிரி" என்று யாராவது சுலபமாகச் சொன்னால் கொஞ்சம் நிறுத்தி யோசியுங்கள்.

சரி, உங்கள் சந்தேகம் விழவேண்டிய இடத்துக்கு வருவோம். அந்த எட்டுப் பேரின் பிறந்த வீடு எது என்று பாருங்கள். தியா எனர்ஜி பிரின்ஸ்டன் பிளாஸ்மா இயற்பியல் ஆய்வகத்திலிருந்து பிரிந்தது. டோக்கமாக் எனர்ஜி 2009-ல் பிரிட்டனின் கல்ஹாம் ஆய்வகத்திலிருந்து. ரியால்டா விஸ்கான்சின் பல்கலைக்கழகத்திலிருந்து. அங்கிருக்கும் அவர்களது சோதனைக் கருவிக்கு அரசின் ஆராய்ச்சி முகமை ஆர்ப்பா-இ பணம் கொடுத்தது, காந்தங்களைச் செய்துகொடுத்தது காமன்வெல்த். ஜாப், வாஷிங்டன் பல்கலைக்கழகமும் லிவர்மோர் தேசிய ஆய்வகமும் சேர்ந்து வளர்த்த பிள்ளை. எக்ஸைமரும் ஃபோகஸ்டு எனர்ஜியும் லேசர்காரர்கள். லிவர்மோரில் அணு ஆயுதங்களைப் பராமரிக்கும் ஆராய்ச்சிக்காகச் சுமார் 350 கோடி டாலரில் கட்டிய தேசியப் பற்றவைப்பு நிலையம் 2022 டிசம்பர் 5 அன்று, உள்ளே போன லேசர் ஆற்றலைவிட அதிகம் எடுத்து வெற்றி காட்டியிருக்காவிட்டால் அவர்களிடம் யாரும் பேசியே இருக்கமாட்டார்கள்.

காமன்வெல்த்தின் கதை இன்னும் சுவாரஸ்யம். அமெரிக்காவின் எம்ஐடியில் (மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம்) அல்காட்டர் சி-மாட் என்று ஒரு டோக்கமாக், எரிசக்தித் துறையின் செலவில் ஓடியது. பலமான காந்தப்புலத்தில் சின்ன உலை என்பது அதன் தனி வழி. பணம் எல்லாம் ஈட்டர் பக்கம் போக, சி-மாட்டுக்கு நிதி நிறுத்தப்பட்டது. 2016 செப்டம்பர் 30, கடைசி நாள் ஓட்டத்தில் 2.05 வளிமண்டலப் பிளாஸ்மா அழுத்தம் என்று உலக சாதனை படைத்துவிட்டு மூடினார்கள். வேலை போகும் நிலையில் இருந்த அந்தக் கூட்டம் 2018-ல் நிறுவனமானது. அவர்கள் கையில் எடுத்தது புதிதாகச் சந்தைக்கு வந்திருந்த உயர்வெப்பநிலை மீக்கடத்தி நாடா, அதாவது தடையே இல்லாமல் மின்சாரத்தைக் கடத்தும் நாடா. காந்தப்புலத்தை இரண்டு மடங்காக்கினால் ஒரே கன அளவிலிருந்து கிடைக்கும் இணைவுத் திறன் பதினாறு மடங்காகும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. 2021 செப்டம்பர் 5 அன்று, 267 கிலோமீட்டர் நாடாவைச் சுற்றிச் செய்த காந்தம் 20 டெஸ்லாவைத் தொட்டது (டெஸ்லா என்பது காந்தப்புலத்தின் அலகு). ஈட்டரின் பிளாஸ்மா நடுவே 5.3 டெஸ்லா, பெருவட்ட ஆரம் (டோனட்டின் மையத்திலிருந்து அதன் குழாயின் நடுவரை உள்ள தூரம்) 6.2 மீட்டர். மாசசூசெட்ஸில் டெவன்ஸ் என்ற ஊரில் இவர்கள் கட்டும் ஸ்பார்க் உலைக்கு 12.2 டெஸ்லா, ஆரம் 1.85 மீட்டர். ஒரு மைதானம் வேண்டிய இடத்தில் ஒரு கூடம் போதும் என்கிற வித்தியாசம்.

இதில் பொதுப்பணம் எது, தனியார் பணம் எது? நாடாவைச் சுற்றும் தைரியமும் அதற்கான செலவும் தனியாருடையது. அந்தத் தைரியத்துக்கு அடிப்படையான இருபது முப்பது வருட அளவீடுகள், தோற்ற சோதனைகள், முனைவர் பட்டங்கள் எல்லாம் வரிப்பணம். அரசு தெரிந்தே கொடுத்ததைவிட, ஒரு கதவை மூடியதால் தெரியாமல் கொடுத்தது அதிகம். இந்தப் பங்குக்குத்தான் யாரும் பில் போடவில்லை. "லாபம் கம்பெனிக்கு" என்று நீங்கள் சொன்னதில் நியாயம் இருப்பது இந்த இடத்தில்; 4.6 கோடியில் இல்லை.

அடுத்தது இனிமேல் வரப்போகிற செலவு. தனியாரால் செய்ய முடியாத, செய்ய விரும்பாத மூன்று வேலைகள் இருக்கின்றன.

ட்ரிட்டியத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் பேசப்படாதது அதுதான். டியூட்டீரியம் கடல்நீரில் கொட்டிக்கிடக்கிறது. ட்ரிட்டியம் இயற்கையில் இல்லை என்றே சொல்லலாம், 12.3 வருடத்தில் பாதி தானாகச் சிதைந்துபோகும், சேர்த்துவைக்கவும் முடியாது. உலகத்தில் ஆயுதம் சாராத உபயோகத்துக்கு இருப்பது 25 கிலோவை ஒட்டித்தான். பெரும்பகுதி கனடாவின் கேண்டு கனநீர் உலைகளில் வேண்டாத துணைப்பொருளாகச் சேர்ந்தது. (நம் கல்பாக்கத்தின் பழைய இரண்டு அலகுகளும் கனநீர் உலைகள்தான், அங்கும் கனநீரில் ட்ரிட்டியம் சேரும்.) 1,000 மெகாவாட் இணைவு வெப்பம் தரும் உலை ஒன்று வருடம் முழுக்க ஓடினால் எரிப்பது 55 கிலோ. உலக இருப்பே ஆறு மாதச் சாப்பாடு. அதனால் ஒவ்வொரு உலையும் தன்னைச் சுற்றி லித்தியப் போர்வை போர்த்தி, தான் விடும் நியூட்ரான்களை வைத்தே தனக்கு வேண்டிய ட்ரிட்டியத்தை விளைவித்துக்கொள்ள வேண்டும். விதைநெல்லை எரித்துக்கொண்டே அதே அடுப்பில் அடுத்த விதைநெல்லைத் தயாரிக்கிற வேலை. காகிதத்தில் கணக்கு வருகிறது. முழுச் சுற்றையும் ஓர் உலையில் யாரும் செய்து காட்டியதில்லை.

கதிரியக்க வாயுவைக் கையாளும் கூடம் கட்ட ஒரு தொடக்க நிறுவனத்தால் முடியாது. உரிமம் வாங்கி முடிப்பதற்குள் முதலீட்டாளர் போய்விடுவார். அதனால் இங்கே கூட்டு உண்மையிலேயே கூட்டாக இருக்கிறது. கல்ஹாமில் பிரிட்டிஷ் அணுசக்தி ஆணையமும் இத்தாலிய எண்ணெய் நிறுவனமான எனியும் சேர்ந்து ஒரு ட்ரிட்டியச் சுழற்சிக் கூடம் கட்டுகின்றன. கனடாவின் சாக் ரிவரில் கனடிய அணு ஆய்வகங்களும் ஜப்பானின் கியோட்டோ ஃப்யூஷனியரிங்கும் சேர்ந்து கூட்டு நிறுவனமே தொடங்கிவிட்டன. உலை யாருடையது வேண்டுமானாலும் ஜெயிக்கட்டும், எரிபொருள் சாமான் எங்களிடம் வாங்குங்கள் என்கிற கியோட்டோக்காரர்களின் கணக்கு எனக்குப் பிடித்திருக்கிறது. தங்கம் தோண்டுகிறவனுக்கு மண்வெட்டி விற்கிறவன்.

இரண்டாவது, நியூட்ரான் அடி. இணைவில் பாய்ந்து வரும் 14 மெகா எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுள்ள நியூட்ரான் எஃகைத் துளைத்து அணுக்களை இடம்பெயர்க்கும், உள்ளே ஹீலியத்தை உண்டாக்கி வீங்கவைக்கும். உலையின் உட்சுவர் எத்தனை வருடம் தாங்கும் என்று தெரியாமல் மின்சாரத்துக்கு விலை சொல்ல முடியாது. அதைச் சோதிக்க உலை அளவு நியூட்ரான் தருகிற மூலம் வேண்டும். ஸ்பெயினில் கிரனடா பக்கத்தில் டோன்ஸ் என்ற பெயரில் அரசுகள் சேர்ந்து ஒன்றைக் கட்டுகின்றன. எந்த நிறுவனமும் தனியாகக் கட்டாது, ஏனென்றால் அதில் தெரியவரும் உண்மை போட்டியாளருக்கும் உதவும்.

மூன்றாவது சட்டம். இதற்குச் செலவே கிடையாது, ஆனால் பலன் மற்ற இரண்டையும்விடப் பெரிது என்பேன். அணுப்பிளவு உலைக்குப் போடும் அதே உரிம விதிகளை இணைவு உலைக்கும் போட்டால் கதை முடிந்தது. இங்கே சங்கிலித் தொடர் வினை கிடையாது. எரிபொருள் ஊட்டுவதை நிறுத்தினால் நொடியில் அணைந்துவிடும். அமெரிக்க அணு ஒழுங்குமுறை ஆணையம் 2023 ஏப்ரலில், துகள் முடுக்கிகளைப் பார்க்கிற கண்ணாலேயே இதையும் பார்ப்போம் என்று முடிவெடுத்தது. அடுத்த வருடம் நாடாளுமன்றமும் சட்டத்தில் எழுதியது. பிரிட்டனின் 2023 எரிசக்திச் சட்டமும் அணு உலைத்தள உரிமத்திலிருந்து இணைவுக்கு விலக்கு தந்தது. 4.6 கோடியைவிட முதலீட்டாளர்களை அதிகம் நிம்மதியாகத் தூங்கவைத்தது இந்த இரண்டு முடிவுகள்தான் என்று நினைக்கிறேன்.

மின்சாரத்தை யார் வாங்குவார்கள் என்று மேலே ஒரு ஓட்டை விட்டேன். அதை அடைக்க வந்தவர்கள் தரவு மையக்காரர்கள். ஹெலியன் நிறுவனத்திடம் 2028-லிருந்து 50 மெகாவாட் வாங்குவதாக 2023-ல் மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தம் போட்டது; தராவிட்டால் அபராதம் உண்டு என்று ஹெலியனே சொல்லியிருக்கிறது. வர்ஜீனியாவில் செஸ்டர்ஃபீல்டு கவுண்டியில் காமன்வெல்த் கட்டத் திட்டமிட்டிருக்கும் 400 மெகாவாட் ஆர்க் நிலையத்தில் பாதியைக் கூகுள் 2025 ஜூனில் பேசிவைத்தது. செப்டம்பரில் எனி நூறு கோடி டாலருக்கு மேல் மதிப்புள்ள ஒப்பந்தம் போட்டது. கூகுளும் எனியும் காமன்வெல்த்தில் பங்குதாரர்களும்கூட. அதனால் இவற்றைச் சந்தையின் தீர்ப்பாக நான் எடுத்துக்கொள்வதில்லை. பெண் வீட்டாரே பெண்ணுக்கு நற்சான்று கொடுக்கிற மாதிரி. ஹெலியன் அந்த எட்டுப் பேர் பட்டியலில் இல்லை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். அந்தத் திட்டத்துக்கு வெளியே, பெரும்பாலும் தனியார் பணத்தில் ஓடும் பந்தயம் அது. ஜெயித்தால் நான் இங்கே எழுதியதில் பாதியை அழிக்கவேண்டியிருக்கும்.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பிரிட்டன் எதிர்த் திசையில் போகிறது: ஸ்டெப் என்ற மாதிரி மின்நிலையத்தை அரசே முன்னின்று கட்டும், நாட்டிங்ஹாம்ஷையரில் மூடிய வெஸ்ட் பர்ட்டன் நிலக்கரி நிலைய இடத்தில், 2040 இலக்கு. 2025-ல் இணைவுக்கென்று ஐந்து வருடத்துக்கு 250 கோடி பவுண்டு என்றார்கள். கல்ஹாமில் நாற்பது வருடம் ஓடி 2023 கடைசியில் மூடிய ஜெட் உலையின் ஆட்கள் சிதறாமல் இருக்க அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. ஜெர்மனியில் மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தின் ஸ்டெல்லரேட்டரை நம்பி 2023-ல் பிராக்ஸிமா ஃப்யூஷன் பிறந்தது. எம்ஐடி கதையின் ஐரோப்பியப் பதிப்பு. சீனாவில் 2025 ஜூலையில் 1,500 கோடி யுவான் மூலதனத்தோடு ஓர் இணைவு நிறுவனம் தொடங்கினார்கள். பங்குதாரர்கள் பெரும்பாலும் அரசு நிறுவனங்கள். அங்கே "கூட்டு" என்ற சொல்லுக்கே வேறு அகராதி வேண்டும்.

செய்தி படிக்கும்போது ஏமாறாமல் இருக்க ஒரு கணக்கு மட்டும். 2022-ல் லிவர்மோரில் 2.05 மெகாஜூல் லேசர் உள்ளே போய் 3.15 மெகாஜூல் வெளியே வந்தது. உண்மை, பெரிய சாதனை. ஆனால் அந்த லேசரைச் சுட மின் இணைப்பிலிருந்து இழுத்தது சுமார் 300 மெகாஜூல். "போட்டதைவிட அதிகம் எடுத்தோம்" என்று எந்த நிறுவனம் சொன்னாலும், எந்த இடத்தில் போட்டதை, எந்த இடத்தில் எடுத்ததை என்று கேளுங்கள். கட்டம் கட்டமாகப் பணம் கொடுக்கும் முறையின் உயிரும் இதில்தான் இருக்கிறது. லிண்டல் மட்டம் எது என்று ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதாவிட்டால், தரையில் நின்றுகொண்டே லிண்டல் வந்துவிட்டது என்பார்கள்.

இந்தியாவைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் கேட்பீர்கள். காந்திநகர் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் ஆதித்யா டோக்கமாக் 1989-லிருந்தே இருக்கிறது. எஸ்எஸ்டி-1 அதற்கு அடுத்தது. ஈட்டருக்குச் செய்துகொடுத்த அனுபவத்தில் தொழிற்சாலைகளுக்குக் கை பழகியிருக்கிறது. அணுசக்தித் துறையைத் தனியாருக்குத் திறக்கும் சட்டத்தை நாடாளுமன்றம் 2025 டிசம்பரில்தான் நிறைவேற்றியது, அதுவும் பிளவு உலைகளை மனதில் வைத்து. கட்டத் தவணை மாதிரியான திட்டம் இங்கே வர, முதலில் தவணை வாங்கத் தகுதியான நான்கைந்து நிறுவனங்களாவது வேண்டும்.

ஸ்பார்க் 2027-ல் ஓடும் என்கிறது காமன்வெல்த். ஓடாவிட்டால் நஷ்டம் பெரும்பாலும் அதன் முதலீட்டாளர்களுக்கு; அரசு போட்டது சில்லறை. ஓடினால், அடுத்து ஆர்க்கை முதல்முறை பற்றவைக்க ட்ரிட்டியம் வேண்டும். அதை விற்க இன்று உலகத்தில் இருக்கும் முக்கியமான கடை, கனடாவின் டார்லிங்டனில் ஒன்டாரியோ மாகாண அரசுக்குச் சொந்தமான மின் நிறுவனம் நடத்தும் பிரித்தெடுப்புக் கூடம்.